சோற்றில் குறைவது எது? பள்ளிப் பிள்ளைகளும் லைசின் கணக்கும்

"புள்ளைக்குப் புரதம் பத்துமா?" எளாவூரில் இருக்கிற எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. கேட்பவர்கள் பெரும்பாலும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள். பிள்ளை ஓடி ஆடுகிறது, பள்ளிக்கூடம் போகிறது, நோய் நொடி இல்லை. ஆனாலும் டிவி விளம்பரத்தைப் பார்த்ததும் மனசுக்குள் ஒரு சந்தேகம். டப்பா வாங்கணுமா, வேண்டாமா?

"எத்தனை கிராம் புரதம்?" என்று மட்டும் கேட்டால் இதற்குச் சரியான பதில் வராது. கிராம் கணக்கில் பாஸாகி, உள்கணக்கில் ஃபெயிலாகிற சாப்பாடு ஒன்று உண்டு. அது நம் ஊரில் மிகச் சாதாரணமான சாப்பாடு: நிறையச் சோறு, தண்ணியாய்க் குழம்பு, தொட்டுக்க ஊறுகாய். இந்த உள்கணக்கைத்தான் இந்தக் குறிப்பில் பார்க்கப் போகிறோம். கணக்கு கொஞ்சம் இருக்கும். கூட்டல் பெருக்கல்தான், பயப்பட வேண்டாம்.

ஒன்பது பூ

புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த சரம். மொத்தம் 20 வகை. அதில் 11 வகையை உடம்பே செய்துகொள்ளும், அல்லது ஒன்றிலிருந்து இன்னொன்றாக மாற்றிக்கொள்ளும். மிச்சம் 9 வகை சாப்பாட்டில் வந்தே ஆகணும். இவற்றைத்தான் அத்தியாவசிய அமினோ அமிலங்கள் என்கிறோம்: ஹிஸ்டிடின், ஐசோலியூசின், லியூசின், லைசின், மெத்தியோனின், ஃபினைல்அலனின், திரியோனின், டிரிப்டோபேன், வாலின்.

கும்மிடிப்பூண்டி பஜாரில் பூ கட்டுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். நாலு மல்லிக்கு ஒரு கனகாம்பரம் என்று கணக்கு வைத்துக் கட்டுகிறார். கூடை நிறைய மல்லி இருக்கிறது, கனகாம்பரம் மட்டும் தீர்ந்துபோச்சு. சரம் அங்கேயே நிற்கும். மீந்த மல்லியை நாளைக்கு வைக்கவும் முடியாது, வாடிவிடும். கொட்டத்தான் வேண்டும்.

உடம்பும் இப்படித்தான். ஒன்பதில் ஒன்று குறைந்தால், சரத்தின் நீளத்தை அந்த ஒன்றுதான் முடிவு செய்கிறது. மற்ற எட்டும் எவ்வளவு இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. கொழுப்பைச் சேமித்து வைக்கிற மாதிரி அமினோ அமிலத்தைச் சேமிக்க உடம்பில் கிடங்கு கிடையாது. மிஞ்சியதை எரித்துவிடும்.

அரிசியில் தீர்ந்துபோகிற கனகாம்பரம் லைசின். கோதுமை, மைதா, கேழ்வரகு எதை எடுத்தாலும் முதலில் குறைவது அதுதான். ஆகவே இந்தக் குறிப்பில் ஒன்பது பேரில் லைசினைத்தான் அதிகம் பின்தொடரப் போகிறேன்.

எவ்வளவு வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம், உணவு வேளாண்மை நிறுவனம், ஐ.நா. பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து 2007-ல் வெளியிட்ட அறிக்கையில், 3 முதல் 10 வயது வரைக்குமான சராசரித் தேவை இப்படி இருக்கிறது. முதல் எண் ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு எத்தனை மில்லிகிராம் என்பது. இரண்டாவது எண் 25 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு நான் பெருக்கிப் போட்டது. ஏழு, எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளை ஏறக்குறைய அந்த எடை இருக்கும்.

ஹிஸ்டிடின்: 12, 300 மி.கி.
ஐசோலியூசின்: 23, 575 மி.கி.
லியூசின்: 44, 1,100 மி.கி.
லைசின்: 35, 875 மி.கி.
மெத்தியோனின் (சிஸ்டீனையும் சேர்த்து): 18, 450 மி.கி.
ஃபினைல்அலனின் (டைரோசினையும் சேர்த்து): 30, 750 மி.கி.
திரியோனின்: 18, 450 மி.கி.
டிரிப்டோபேன்: 4.8, 120 மி.கி.
வாலின்: 29, 725 மி.கி.

இவை சராசரி. சராசரி என்றால் பாதிப் பிள்ளைகளுக்கு இதைவிடக் கூடுதலாக வேண்டியிருக்கும். ஏறக்குறைய எல்லாப் பிள்ளைக்கும் பத்தணும் என்றால் கால் பங்கு கூட்டிக்கொள்ள வேண்டும். லைசின் 875 என்பது அப்போது 1,100-க்குப் பக்கம் போகும். 875, 1,100 இந்த இரண்டு எண்களை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

பெரியவர்களுக்கு லைசின் தேவை கிலோவுக்கு 30 மி.கி. பிள்ளைக்கு 35. "வளரும் பிள்ளை, ரெண்டு மடங்கு வேணும்" என்று நினைப்போம். வித்தியாசம் அவ்வளவு இல்லை. ஏன் என்று பார்த்துடலாம். இந்த வயதில் பிள்ளை வருஷத்துக்கு இரண்டு, இரண்டரை கிலோ எடை கூடும். அதில் ஐந்தில் ஒரு பங்கு புரதம் என்று தாராளமாகவே வைத்தால் 500 கிராம். 365-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 1.4 கிராம். வளர்ச்சி என்கிற பெயரில் உடம்பில் புதிதாகச் சேருவது அவ்வளவுதான். மற்றதெல்லாம் பழுது பார்க்கிற வேலை: தோல், குடல், ரத்தம், தசை தினமும் தேய்ந்து தினமும் புதுப்பிக்கப்படுகிறது. அந்தச் செலவு பெரியவருக்கும் உண்டு, பிள்ளைக்கும் உண்டு.

மூச்சுக் காற்றில் கணக்குப் பார்த்த கதை

இந்த எண்களை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பள்ளி வயதுப் பிள்ளைகளைப் பற்றிய பழைய தகவல் பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வந்தது. 1960-களில் நாககாவா என்பவரின் குழு சிறுவர்களுக்கு அளந்து உணவு கொடுத்து, உள்ளே போன நைட்ரஜன் எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு என்று கணக்கெடுத்தது. பொறுமையான வேலை, ஆனால் பிழைக்கு இடம் நிறைய.

பிறகு கனடாவில் வேறொரு முறை வளர்ந்தது. அதைப் புரிந்துகொள்ள மறுபடியும் பூக்கடைக்குப் போவோம். கனகாம்பரம் எவ்வளவு பற்றாக்குறை என்று தெரியணுமா? கடைக்காரர் கொட்டிய மல்லியை எண்ணுங்கள். கனகாம்பரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடக் கூட, கொட்டும் மல்லி குறைந்துகொண்டே வரும். ஒரு கட்டத்துக்கு மேல் கனகாம்பரம் எவ்வளவு கொடுத்தாலும் கொட்டும் மல்லியின் அளவு மாறாது. அந்த இடம்தான் தேவை.

ஆய்வில் மல்லிக்குப் பதில் ஃபினைல்அலனின். அதில் கார்பன்-13 என்கிற கனமான, கதிர்வீச்சு இல்லாத கார்பனை அடையாளமாக வைத்துவிடுவார்கள். பிள்ளை மணிக்கொரு தரம் சிறிது சிறிதாக உணவைக் குடிக்கும். லைசின் குறைவாக இருந்தால் சரம் நிற்கும், ஃபினைல்அலனின் மீந்து எரியும், அடையாளம் வைத்த கார்பன் மூச்சுக் காற்றில் கரியமில வாயுவாக வெளியே வரும். பிள்ளை பையில் ஊதினால் போதும், அளந்துவிடலாம். இதே முறையில் கனடாப் பிள்ளைகளுக்குக் கிடைத்த லைசின் தேவை, 2007-ல் வெளியானது: கிலோவுக்கு 35 மி.கி.

இங்கேதான் நமக்கு வேண்டிய கேள்வி வருகிறது. நம் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகச் சோறு தின்று வளர்ந்தவர்கள். அவர்கள் உடம்பு குறைந்த லைசினுக்குப் பழகியிருக்குமோ? "நம்ம ஊர் புள்ளைங்களுக்கு அவ்ளோ வேணாம்" என்று சொல்லிவிடலாமோ? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இது உண்மையாக இருந்தால் சத்துணவில் முட்டை போடுவதே கூடுதல் செலவு என்று ஒருவர் வாதாடலாம்.

பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுரா குர்பாத் முதலானவர்களும் டொரன்டோ ஆய்வாளர்களும் சேர்ந்து, ஆரோக்கியமான இந்தியப் பள்ளிப் பிள்ளைகளிடம் இதே மூச்சுக் காற்றுச் சோதனையைச் செய்தார்கள். 2010-ல் முடிவு வந்தது: 33.5 மி.கி. கனடாப் பிள்ளைக்கு 35, நம் பிள்ளைக்கு 33.5. புள்ளியியல் கணக்கில் இரண்டும் ஒன்றுதான்.

உடம்புக்குப் பழக்கம், ஏழ்மை, மரபு என்று தள்ளுபடி கிடையாது. எளாவூர்ப் பிள்ளைக்கும் டொரன்டோ பிள்ளைக்கும் தேவை ஒன்றே. வேறுபடுவது தட்டு.

தட்டில் கணக்குப் போடுவோம்

25 கிலோ பிள்ளை ஒரு நாளைக்கு, மூன்று வேளைக்கும் சேர்த்து, 300 கிராம் அரிசி சாப்பிடுகிறது என்று வைப்போம். சோற்று எடை அல்ல, வேகவைக்கும் முன் உள்ள அரிசி எடை. 100 கிராம் அரிசியில் புரதம் 8 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஆக 300 கிராமில் சுமார் 24 கிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் 2020 பரிந்துரைப்படி 7 முதல் 9 வயதுப் பிள்ளைக்குத் தேவையான புரதம் சுமார் 23 கிராம். பாஸ்!

இப்போது உள்கணக்கு. அரிசிப் புரதத்தில் கிராமுக்கு 37 மி.கி. அளவில் லைசின். 24 கிராமுக்கு 880 மி.கி. 875 வேண்டும், 880 இருக்கிறது. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் தின்றதெல்லாம் செரிப்பதில்லை. அதே பெங்களூரு நிறுவனம் சின்னக் குழந்தைகளிடம் அளந்தபோது, அமினோ அமிலங்கள் குடலில் உறிஞ்சப்பட்ட அளவு முட்டையில் 87 சதவீதம், அரிசியில் 78, கேழ்வரகில் 68, பாசிப்பருப்பில் 65 என்ற அளவில் இருந்தது. பள்ளிப் பிள்ளைக்கும் இதையே தோராயமாக வைத்துக்கொள்கிறேன். அரிசியிலிருந்து உடம்புக்குச் சேரும் லைசின் சுமார் 690 மி.கி. தேவை 875. ஃபெயில்.

அதோடு 30 கிராம் துவரம்பருப்பு சேர்ப்போம். அதில் லைசின் 420 மி.கி. அளவு இருக்கும், செரித்துச் சேருவது 270. கூட்டினால் 960. சராசரியைத் தாண்டியாச்சு. 1,100 இன்னும் வரவில்லை.

ஒரு முட்டை. லைசின் 400 மி.கி., சேருவது 350. மொத்தம் 1,310. இப்போது நிம்மதி.

பாருங்கள், அரிசியைக் குறைக்கச் சொல்லவே இல்லை. 30 கிராம் பருப்பும் ஒரு முட்டையும் கணக்கை மாற்றிவிட்டன. பருப்பும் அரிசியும் ஒன்றுக்கொன்று துணை. பருப்பில் லைசின் நிறைய, மெத்தியோனின் குறைவு. அரிசியில் மெத்தியோனின் பரவாயில்லை, லைசின் குறைவு. பொங்கலும் இட்லியும் இதைத்தான் செய்கின்றன. 80 கிராம் அரிசி, 20 கிராம் உளுந்து என்று இட்லிக்குப் போட்டால், 100 கிராம் வெறும் அரிசியில் 290 மி.கி. இருக்கும் லைசின் 530-க்குப் பக்கம் வந்துவிடுகிறது. ஐந்தில் ஒரு பங்கு உளுந்து போட்டதற்கு இது பெரிய லாபம்.

இன்னொன்று. "சோத்துக்குப் பதில் கேப்பைக்கூழ் குடிச்சா புரதம் வந்துடும்" என்று ஒரு நம்பிக்கை உண்டு. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து அபாரம், அதை மறுக்கவில்லை. லைசினில் மட்டும் அது அரிசியைவிடக் கீழே. கூழுக்குத் தொட்டுக்கொள்ளும் கருவாடுதான் அங்கே புரத வேலையைச் செய்கிறது. கருவாடு இல்லாத கூழ் வேறு சாப்பாடு.

எங்கள் பக்கத்துத் தட்டுகள்

இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு எங்கள் பகுதியைச் சுற்றி வந்தால் சில விஷயங்கள் தெரிகின்றன.

முதலில் சத்துணவு. காமராஜர் 1956-ல் விரிவாக்கிய மதிய உணவு, எம்.ஜி.ஆர் 1982 ஜூலை 1-ல் தொடங்கிய சத்துணவுத் திட்டம், பின்னால் வந்த வாரம் 5 முட்டை. தொடக்கப் பள்ளிக்கு மத்திய அரசின் அளவுகோல் 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு. இதோடு ஒரு முட்டை. செரித்துச் சேரும் லைசின்: அரிசியில் 230, பருப்பில் 180, முட்டையில் 350. மொத்தம் 760 மி.கி. நாள் முழுதுக்கும் வேண்டிய 875-ல் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் ஒரே வேளையில்! வீட்டில் மற்ற இரண்டு வேளையும் வெறும் சோறு என்றாலும் அந்தப் பிள்ளை கரையேறிவிடும்.

காலை உணவுத் திட்டமும் இதற்கு மேல் சேருகிறது. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கியது. 2024 ஜூலை 15-ல் ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு விரிவானது, அந்தத் தொடக்க விழா எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரியில்தான் நடந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் எதுவானாலும் கூட வருகிற சாம்பாரில் பருப்பு இருக்கிறது. அந்தப் பருப்பு எவ்வளவு கெட்டி என்பதில்தான் விஷயம்.

இரண்டாவது, முட்டை சாப்பிடாத பிள்ளை. அதற்கு வாழைப்பழம் தருகிறார்கள். வாழைப்பழம் நல்ல பழம், ஆனால் 100 கிராமில் ஒரு கிராம் புரதம்தான். முட்டைக்குப் பதில் என்று லைசின் கணக்கில் அதை எழுத முடியாது. அந்தப் பிள்ளைக்கு வீட்டில் ஒரு டம்ளர் கெட்டிப் பாலோ தயிரோ கிடைத்தால் சரியாகிவிடும். 200 மில்லி பாலில் 500 மி.கி. லைசின். கொண்டைக்கடலைச் சுண்டலும் உதவும், 20 கிராம் கடலையில் 250 மி.கி., செரித்தது முக்கால் பங்கு என்று வையுங்கள்.

மூன்றாவது, வேனில் ஏறித் தனியார் பள்ளிக்குப் போகிற பிள்ளை. அப்பாவும் அம்மாவும் ஷிப்டுக்குப் போகிற வீடு, அவசர அவசரமாகக் கட்டிய டிபன் பாக்ஸ்: எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல். 75 கிராம் அரிசி என்றால் சேரும் லைசின் 170 மி.கி. கிழங்கில் கொஞ்சம். கட்டணம் கட்டிப் படிக்கிற பிள்ளையின் மதியத் தட்டில், இலவசமாகச் சாப்பிடுகிற பிள்ளையின் தட்டில் இருப்பதில் கால் பங்கு. எங்கள் பக்கம் யாரும் இதை யோசிப்பதில்லை. சத்துணவு "இல்லாதவங்க சாப்பாடு" என்ற நினைப்பு கண்ணை மறைக்கிறது. அதே டப்பாவில் ஒரு வேகவைத்த முட்டையை வைத்தால், அல்லது தாளிப்பில் கைநிறைய வேர்க்கடலையும் மேலே கொஞ்சம் தயிரும் சேர்த்தால், நிலைமை மாறும்.

நான்காவது, டீயும் பொறையும். காலையில் பசிக்கு டீயில் பொறையை முக்கிச் சாப்பிட்டுவிட்டுப் போகிற பிள்ளைகள் நிறைய. மைதாவில் அரிசியைவிடக் குறைவான லைசின். அதையும் சுட்டுச் சிவக்க வைக்கும்போது, லைசின் சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டு உடம்புக்கு ஆகாத பொருளாக மாறுகிறது. பொறை, பிஸ்கட், ரஸ்க்கின் பழுப்பு நிறத்துக்கும் மணத்துக்கும் பின்னால் இருப்பது இந்த ரசாயனம்தான். இரண்டு பொறையில் மிஞ்சுவது சொற்பம்.

ஐந்தாவது, கிழக்கே பழவேற்காடு ஏரி. மடவை, இறால், நண்டு, நெத்திலி எது ஆனாலும் லைசின் சுரங்கம். 50 கிராம் மீன் சதையில் 800 மி.கி.க்கு மேல். ஏரியை நம்பி வாழும் வீடுகளில் மீன் கிடைக்கிற நாளில் பிள்ளைக்கு லைசின் கவலையே இல்லை. நல்ல மீன் எல்லாம் சந்தைக்குப் போய், வீட்டுக் குழம்பில் வாசனை மட்டும் மிஞ்சுகிற நாளில்தான் கவலை.

கடைசியாக, பள்ளிக்கே வராத பிள்ளை. செங்கல் சூளைகளுக்கு வேறு மாநிலங்களிலிருந்து குடும்பத்தோடு வருகிறவர்கள் எங்கள் மாவட்டத்தில் இருக்கிறார்கள். பள்ளியில் பெயர் இல்லை என்றால் அந்த 760 மி.கி. இல்லை. பாடம் போனது கண்ணுக்குத் தெரியும். முட்டை போனது தெரியாது.

குடலில் இருக்கும் பங்காளி

2010 ஆய்வு ஆரோக்கியமான பிள்ளைகளைப் பற்றியது. அதே குழுவினர் 2015-ல் இன்னொன்றை வெளியிட்டார்கள். இந்த முறை மிதமான ஊட்டக்குறைவும் குடல் ஒட்டுண்ணித் தொந்தரவும் உள்ள பள்ளிப் பிள்ளைகள். அவர்களுடைய லைசின் தேவை கிலோவுக்கு 42.8 மி.கி. ஒட்டுண்ணிக்கு மருந்து கொடுத்த பிறகு அளந்தால் 35.5. ஆரோக்கியமான பிள்ளையின் அளவுக்கே இறங்கிவிட்டது.

20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு இந்த வித்தியாசம் 146 மி.கி. கிட்டத்தட்ட அரை முட்டை. தினமும் அரை முட்டையைக் குடல் தொந்தரவு சாப்பிட்டுவிட்டுப் போகிறது என்று அர்த்தம். குடல் சுவர் புண்ணாகி, அதைப் பழுதுபார்க்கவும் எதிர்த்துப் போராடவும் ஆகிற செலவு அது.

2015 முதல் நாடெங்கும் நடக்கும் தேசிய குடற்புழு நீக்க நாள் இதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1 முதல் 19 வயது வரை இருப்பவர்களுக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் மாத்திரை தருகிறார்கள். "காய்ச்சல் வந்துடும்" என்று அன்றைக்குப் பிள்ளையை வீட்டிலேயே நிறுத்திக்கொள்கிற பழக்கம் இருக்கிறது. வேண்டாம். உடம்பு சரியில்லாத பிள்ளை என்றால் டாக்டரைக் கேட்டுவிட்டு இன்னொரு நாள் கொடுக்கலாம். ஒரு மாத்திரை, கழிப்பறை, காலில் செருப்பு, சாப்பிடும் முன் சோப்பு. இவையும் புரதக் கணக்கில் சேர்த்தி.

சோறும் வேண்டும்

இதைப் படித்துவிட்டுச் சோற்றைக் குறைத்துவிடாதீர்கள். வயிறு நிறையவில்லை என்றால், உடம்பு முட்டையையும் பருப்பையும் விறகாக எரித்துவிடும். சேலத்தில் பிறந்த சி. கோபாலன், இந்திய ஊட்டச்சத்து ஆராய்ச்சியின் பெரிய ஆளுமை, இதைத்தான் உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். ஏழை நாட்டுக் குழந்தைகளின் பிரச்சினை புரதப் பஞ்சம் என்று எல்லோரும் பேசிய காலம் அது. அவர் குழு 1973-ல் வெளியிட்ட ஆய்வில், சின்னக் குழந்தைகளுக்குத் தினம் 310 கலோரியும் வெறும் 3 கிராம் புரதமும் கூடுதலாகக் கொடுத்தார்கள். பிள்ளைகள் நன்றாக வளர்ந்தார்கள். முதலில் வயிறு, பிறகு லைசின். இரண்டையும் எதிரெதிராக நிறுத்த வேண்டாம்.

டப்பா வாங்கணுமா?

ஆரோக்கியமான பிள்ளைக்கு வேண்டாம் என்பதே என் பதில். கடையில் விற்கும் மால்ட் பவுடர்களின் பின்பக்க எழுத்தைப் படியுங்கள். இரண்டு ஸ்பூனில் வருவது பெரும்பாலும் இரண்டு, மூன்று கிராம் புரதம். அதைக் கலக்கிற பாலில் 6 கிராம் இருக்கிறது. விளம்பரத்தில் வளர்கிற பிள்ளை பாலால்தான் வளர்கிறது, பெயர் டப்பாவுக்குப் போகிறது. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இந்த மாதிரி பானங்களை "ஹெல்த் டிரிங்க்" என்ற தலைப்பில் வைத்து விற்க வேண்டாம் என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. சட்டப்படி அப்படி ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை என்பதுதான் காரணம்.

சிறுநீரகக் கோளாறு, பிறவி வளர்சிதைக் கோளாறு, ஒவ்வாமை இருக்கிற பிள்ளைக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அவர்களுக்கு டாக்டர் சொல்வதுதான் கணக்கு.

மற்றவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஒவ்வொரு வேளையும் தட்டைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சோத்துக்குத் துணை யாரு?" பருப்பு, சுண்டல், முட்டை, மீன், பால், தயிர், யாராவது ஒருவர் இருந்தால் போதும். ரசமும் ஊறுகாயும் அப்பளமும் துணையில் சேராது. ஐந்து நாள் பள்ளியில் முட்டை கிடைக்கிற பிள்ளைக்குச் சனி, ஞாயிறும் மே மாதமும்தான் ஆபத்தான நாட்கள். டப்பாவுக்கு எடுத்து வைத்த காசை அந்த நாட்களுக்கு முட்டையாக மாற்றிக்கொள்ளுங்கள்.